பொத்தானை மறித்த கயிறு

கலினாவின் அம்மாவிடம் ஒரு கார் இருந்தது. அம்மாவைவிட அந்தக் காருக்கு வயது அதிகம். பாலாடை நிறம், உருண்டை முகம். கோட்டிலிருந்து கழன்று விழுந்தது மாதிரி இருந்ததால் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்தாள் கலினா.

பொத்தான் நத்தைகள் சங்கத்தைச் சேர்ந்தது. சங்கத்தில் மொத்தம் மூன்றே வண்டிகள். பொத்தான் ஒன்று. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புக் கார் இன்னொன்று. அது சங்கத் தலைவர் லூதொமிருடையது. மூன்றாவது, ஒரு பழைய ரொட்டி வேன்.

எங்கே போனாலும் மிக மெதுவான வண்டிதான் முன்னால் போகவேண்டும் என்பது சங்கத்தின் விதி. அப்போதுதான் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போகமுடியாது. அதனால் எப்போதும் பொத்தான்தான் முதலில். கலினாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வெட்கம்.

அந்தச் சனிக்கிழமை நகரத்தில் பழைய கார்களின் கண்காட்சி. நத்தைகள் காலையிலேயே கிளம்பிவிட்டன. போன வருடம் ஏழு நிமிடம் தாமதமாகப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் அப்படி. பதினோரு மணிக்கு மேல் வருகிற வண்டிகளுக்குச் சதுக்கத்தில் இடம் கிடையாது. தீயணைப்பு நிலையத்தின் பின்னால் குப்பைத் தொட்டி பக்கத்தில்தான் நிற்கவேண்டும். போன வருடம் நாள் முழுக்கப் பொத்தானைப் பார்க்க வந்தது ஒரே ஒரு பூனை. அதுவும் குப்பைத் தொட்டிக்காக வந்த பூனை. வீடு வந்து சேரும்வரை கலினா அழுதாள்.

இந்த வருடம் பொத்தான் சதுக்கத்தில் நின்றே ஆகவேண்டும். அதற்காகக் கலினா முந்தின நாளே காருக்கு வெள்ளை ரிப்பன் கட்டி, முன்பக்கம் டெய்சிப் பூக்களை வைத்திருந்தாள். வம்பு அந்த ரிப்பனில்தான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாண வண்டி போகும் வழியில் ஊர்க்காரர்கள் வேஷம் கட்டிக்கொண்டு, கயிறு பிடித்து மறிப்பார்கள். மணமக்கள் சுங்கம் கொடுக்கவேண்டும். பெரியவர்களுக்கு ஒரு புட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய். சுங்கத்தை வாங்கிவிட்டால் கயிற்றை விட்டே ஆகவேண்டும். விடாத ஆளை ஊரே கேலி செய்து தீர்த்துவிடும்.

பாதி வழியில், ஒரு கிராமத்துத் திருப்பத்தில் அப்படி ஒரு கயிறு சாலையை மறித்தது. கயிறு முழுக்க பலூன்கள். பிள்ளைகள் தட்டையும் பாத்திரத்தையும் தட்டிக்கொண்டு குதித்தார்கள். நடுவில் பெரிய மீசைக்காரர் ஒருவர் பூப்போட்ட பாவாடை கட்டி, தலையில் முக்காடு போட்டு நின்றார். அவர் பெயர் கெர்வாசி.

அவர் குனிந்து பொத்தானுக்குள் எட்டிப் பார்த்தார். பின்சீட்டில் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்த கலினாதான் இருந்தாள்.

"பொண்ணு எங்க?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு? நாங்க கார் கண்காட்சிக்குப் போறோங்க," என்றார் அம்மா.

"ரிப்பன் கட்டியிருக்கு, பூ வச்சிருக்கு, வரிசையா ஹாரன் வேற அடிச்சுக்கிட்டு வர்றீங்க. கல்யாணம் இல்லாம எதுக்கும்மா இதெல்லாம்?"

கெர்வாசிக்குப் பெருத்த ஏமாற்றம். அன்று அவருடைய தங்கை மகள் மார்செலினாவுக்குக் கல்யாணம். அவளும் ஒரு பழைய காரில்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். கயிற்றை விடப் போன நேரத்தில் அவர் பாவாடைப் பையில் போன் அடித்தது. பேசி முடிப்பதற்குள் அவர் மீசை தொங்கிவிட்டது.

வாடகைக்கு எடுத்த கார், மணப்பெண் வீட்டு வாசலில் நின்றவாறு கிளம்பமாட்டேன் என்கிறதாம். விருந்தினர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறி நகரத்துத் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். பதினோரு மணிக்குக் கல்யாணம். பன்னிரண்டுக்கு அதே தேவாலயத்தில் வேறு ஒரு கல்யாணம்.

"என் டிராக்டர் இருக்கு," என்றார் கெர்வாசி பாவமாக. "ஆனா நேத்துதான் அதுல எரு ஏத்தினேன்."

எல்லாரும் மூன்று வண்டிகளையும் பார்த்தார்கள். சிவப்புக் காரில் ஓட்டுகிறவர் போக இன்னும் ஒருவருக்குத்தான் இடம். ரொட்டி வேனில் பின்சீட்டே இல்லை. மிச்சம் இருந்தது பொத்தான். மணப்பெண் வீடோ பன்னிரண்டு கிலோமீட்டர் எதிர்த்திசையில் இருந்தது.

கலினா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஐந்து நிமிடம். இப்போது நேராகப் போனால் சதுக்கம். திரும்பிப் போனால் குப்பைத் தொட்டி. மறுபடியும் அங்கே போய் நிற்க அவளுக்கு மனமே இல்லை. ஆனால் கல்யாண உடையில் வாசலில் காத்துக்கிடக்கும் ஒரு அக்காவை நினைத்தால் அதுவும் தாங்கவில்லை.

"அம்மா, நாம போய்க் கூட்டிட்டு வரலாம்," என்றாள்.

"போனா மறுபடியும் தீயணைப்பு நிலையம்தான்டா கண்ணு."

"தெரியும். அந்தப் பூனை இந்த வருஷமும் வரும்ல?"

அம்மா செல்லமாக அவள் தலைமுடியைக் கலைத்துவிட்டார்.

கல்யாண உடைக்கே பின்சீட்டு முழுக்க வேண்டும். முன்னால், பெண் வீட்டிலேயே அவளோடு காத்திருக்கும் மாப்பிள்ளை உட்காரவேண்டும். அதனால் கலினா இறங்கிக்கொண்டாள். மற்ற இரண்டு வண்டிகளாவது நேரத்துக்குப் போகட்டும் என்று லூதொமிரையும் அனுப்பிவைத்தாள். முன்னால் பொத்தான் இல்லாமல் நத்தைகள் போனது அதுதான் முதல் தடவை. லூதொமிர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கலினா மற்றப் பிள்ளைகளோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பது நிமிடம் கழித்து, ஜன்னலில் வெள்ளைத் துணி பறக்கப் பொத்தான் திரும்பி வந்தது.

"கயிற விடு கலினா, நேரமாச்சு," என்றார் அம்மா.

"சுங்கம் குடுங்கம்மா."

பின்சீட்டில் துணி மலைக்கு நடுவில் மார்செலினா விழுந்து விழுந்து சிரித்தாள். பசு படம் போட்ட தாளில் சுற்றிய பால் மிட்டாய்களை வாரி வாரிக் கொடுத்தாள். கலினாவின் பங்குக்கு ஐந்து கிடைத்தன. கயிறு விலகியது. கலினாவும் மற்றப் பிள்ளைகளும் கெர்வாசியின் எரு டிராக்டரில் ஏறிப் பின்னாலேயே போனார்கள். நாற்றத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பதினொன்று அடித்தபோது பொத்தான் தேவாலய வாசலில் நின்றது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

விருந்து மண்டபம் சதுக்கத்தைத் தாண்டி இருந்தது. மணமக்கள் இருவரும் பின்சீட்டில் நெருக்கி உட்கார, கலினா முன்னால் ஏறிக்கொண்டாள். சதுக்கத்தின் நுழைவாயிலில் ஒருவர் பட்டியலும் விசிலுமாக நின்றார். ஸெனோன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதன் நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

"மணி பன்னிரண்டு ஆச்சு. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னாடி போங்க," என்றார். கல்யாண வண்டி என்று அம்மா சொல்லிப் பார்த்தார். கல்யாண வண்டியென்றால் சுற்றிக்கொண்டு போகட்டும், விதி விதிதான் என்றார் அவர்.

கலினா அவர் கையில் இருந்த கயிற்றையே பார்த்தாள். பிறகு கீழே இறங்கிப் போய், ஒரு பால் மிட்டாயை நீட்டினாள்.

காலையிலிருந்து வெயிலில் நின்ற மனிதர். நன்றி சொல்லி, தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்ப் பால் மிட்டாய் லேசுப்பட்டது இல்லை. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒட்டிவிடும்.

"சார், வண்டியில பொண்ணு மாப்பிள்ளை இருக்காங்க," என்றாள் கலினா. "உங்க கையில கயிறு இருக்கு. சுங்கமும் வாங்கிட்டீங்க. இனி நீங்க விட்டுத்தானே ஆகணும்?"

ஸெனோன் பதில் சொல்லப் பார்த்தார். "ம்ம்... ம்ம்ம்..." என்றுதான் வந்தது. சுற்றி நின்ற கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. யாரோ ஒருவர் காப்பித் தட்டைத் தட்டித் தாளம் போட்டார். ஸெனோனின் முகம் சிவந்தது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கயிறு கீழே விழுந்தது.

சதுக்கத்தில் சிவப்புக் காருக்கும் ரொட்டி வேனுக்கும் முன்னால் ஒரு இடம் காலியாக இருந்தது. லூதொமிர் அங்கே மடக்கு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் தன் தொப்பியையும் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். யார் கேட்டும் கொடுக்கவில்லையாம்.

"மெதுவான வண்டிதானே முன்னாடி நிக்கணும்," என்றார்.

மணமக்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்து பொத்தான் அந்த இடத்தில் நின்றது. மாலைவரை அதைச் சுற்றி ஒரே கூட்டம். கலினாவின் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கடைசியில் ஸெனோனும் வந்தார். பட்டியலில் பொத்தானுக்கு நேரே 'தாமதம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'சுங்கம் கட்டியாயிற்று' என்று எழுதினார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னொரு மிட்டாய் இருக்குமா என்று கேட்டார்.