முப்பது பாகத்தில் நடவு

கடலடி மண்ணை அள்ளி வந்த இரும்புக் கவ்வியைத் திறந்ததும் ஆனந்தவல்லியின் மூக்கில் முதலில் ஏறியது வாசனைதான். உப்பும் மீன்கவிச்சியும் இல்லை; ஆனி மாதத்தில் தண்ணீர் கட்டி, எரு போட்டு, மாடு மிதித்து உழுத வயலின் வெதுவெதுப்பான சேற்று மணம். பூம்புகார் கரை கண்ணுக்கு மறைந்து ஒரு நாளாகிறது, கீழே முப்பது பாகம் ஆழம், அங்கே போய் வயல் எப்படி வரும்? சேற்றுக்குள் ஒரு நாற்றுக்கட்டு கிடந்தது, இப்போதுதான் பறித்ததுபோலப் பச்சையாக.

ஆராய்ச்சிக் கப்பலில் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அதிராம்பட்டினத்து மீரா உசேன், ஆனந்தவல்லியின் ஊர் வயல் அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டதென்று கேலி செய்தான். தினம் சாயங்காலம் ஒருவர் தன் ஊர் வழக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டுவது அந்தக் கப்பலில் ஏற்பாடு. அன்றைக்கு அவள் முறை. இதை வைத்தே காட்டு என்றார்கள் கேரளத்துப் பிள்ளைகளும் வங்காளத்துப் பிள்ளைகளும்.

காட்டினாள், பாவி மகள். நடவுப் பெண்கள் குனிந்தபடியே பின்னால் நகர்ந்து வருவார்கள், முகம் தெரியாது, முதுகுதான் வரும். கையிலிருப்பது தீருமுன் அடுத்த நாற்றுக்கட்டை அவர்கள் முதுகுக்குப் பின்னால் வீச வேண்டும். விழுந்த கட்டை நட்டு முடிக்காமல் யாரும் கரையேறக் கூடாது. சொல்லிக்கொண்டே கட்டைக் கடலில் வீசினாள். கையைவிட்டுப் போகும்போதுதான் முடிச்சு விரலில் தட்டியது. இரண்டு சுற்று, இடப்பக்கம் ஒரு சொருகல். நாற்றுப் பறித்து அப்படிக் கட்டுகிறவள் ஊரிலேயே ஒருத்திதான், இடக்கைக்காரி நாகம்மாள். ஆனந்தவல்லியைப் பெற்றவள்.

கழக ஆட்சி வந்த மறுவருஷம், கூலி அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு மிராசுதார் அடியாட்களை இறக்கினார். நடவிலிருந்த பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். நாகம்மாள் மட்டும் கடைசிக் கட்டை நட்டுக்கொண்டிருந்தாளாம். காவிரி கொண்டுபோயிற்று என்றார்கள். உடலும் இல்லை, சேதியும் இல்லை. பெற்றவள் இருக்கிறாளா செத்தாளா என்று தெரியாமல் ஆறு வருஷம் வயிறு எரிந்து கிடப்பது எதிரிக்கும் வரக்கூடாது.

கவ்வியை மறுபடி இறக்கச் சொன்னாள். இன்னொரு கட்டு. அதே முடிச்சு.

உசேன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "வேணாம் ஆனந்தவல்லி. அதைத் தொடாத. கீழ வா."

அவள் கேட்கவில்லை. கட்டு விழுந்தால் அம்மா அதைத் தேடிப் பின்னால் வருவாள் என்று வேண்டுமென்றேதான் வீசினாள். மூன்றாவது வந்தது. அதையும் வீசினாள். நான்காவதையும். பிறகு வந்ததெல்லாம் வெறும் சேறு. மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு மணி அடித்து மற்றவர்கள் கீழே இறங்கினார்கள். பின்தளத்தில் அவள் மட்டும் நின்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சளக்.

அலை இல்லை. சேற்றிலிருந்து கால் பிடுங்கும் சத்தம். இன்னொன்று. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம், இரும்புத் தளத்தின்மேல், நாற்று நின்றது. வரிசை பிசகாமல். ஒரு வரிசை. இரண்டு வரிசை. ஐந்து.

அப்புறம் முதுகு வந்தது. குனிந்த முதுகு. காணாமல் போன அன்று கட்டியிருந்த அதே அரக்குச் சேலை. ஈரத்தில் ஒட்டிய துணிக்கு அடியில் என்னவோ ஊர்ந்தது. நண்டுகள்.

ஓடத்தான் நினைத்தாள். கால் வரவில்லை. கணுக்கால்வரை சேறு.

"அடியாளுங்கல்லாம் போயிட்டானுங்கம்மா," என்றாள். "நட்டது போதும். நிமிரும்மா. ஒரு தடவ மூஞ்சியக் காட்டும்மா."

முதுகு நிமிரவில்லை. ஒரு எட்டு பின்னால் வந்தது. இன்னும் ஒன்று. கடைசி நாற்றையும் ஊன்றியது.

இடக்கை பின்னால் நீண்டது. அடுத்த கட்டைத் தேடித் துழாவியது. கட்டு இல்லை. குளிர்ந்த விரல்கள் அவள் பாதத்தில் பட்டன. நின்றன. பிறகு, வேரோடு வேர் பின்னிய நாற்றைப் பிரிப்பதுபோல, அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கின.