கசிவு நின்ற கரை

ஏரி முட்ட முட்ட நிரம்பியிருக்க, கரையடி வாய்க்கால் மட்டும் காய்ந்து கிடந்தது.

ஞானசௌந்தரி பாத்திரக் கூடையை இறக்கி, கல்லில் உட்கார்ந்த பிறகுதான் அதைக் கவனித்தாள். அந்தப் பழைய கரையின் வயிற்றில் ஓரிடத்தில் சித்திரை வெயிலிலும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். பெருங்களத்தூரைத் தாண்டி ஏரிக்குக் கீழே கிடந்த வயல்களெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் வீடாகி, ஏரியும் போட் கிளப் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் அந்தக் கசிவு நிற்கவில்லை. கணுக்கால் நனைய வாய்க்காலில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது, எண்பத்தைந்தாம் வருஷத்து மழை கொட்டித் தீர்த்துச் சற்று விட்டிருந்தபோது, அடிமணலில் எறும்பு ஊர்ந்தது.

கணவன் சாலமோன் போனதிலிருந்து அவள் இந்த வாய்க்கால் பக்கம் வரவில்லை. கிளப்பின் படகுகளைப் பார்த்துக்கொண்டவன் அவன். கசிவு அதிகமாகிறது என்று ஒரு மழைநாளில் பார்க்கப் போனவன் திரும்பவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து ஏரியைக் கலக்கிவிட்டுக் கையை விரித்தார்கள். தாம்பரம் கோயிலில் சவப்பெட்டி இல்லாமலே ஜெபம் நடந்தது. ஊரே அழுதது. அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. சோறு வடித்தாள், மகள் தபீதாளுக்குத் தலை வாரினாள், படகுக்கு டிக்கெட் கிழித்தாள்.

"இன்னாம்மா பாத்துகினு கீற?" கரைமேல் குடையோடு கிளப் செக்ரட்டரி அரிகிருஷ்ணன் நின்றார். கீழே இருந்த பாதி பிளாட் அவர் விற்றதுதான்.

"கசிவு நின்னுடுச்சே சார்."

"சாலமோன் போன அன்னிலேர்ந்தே ஒரு சொட்டு இல்ல. கரை தானா இறுகிப் பூட்ச்சு. நல்லதுதானே?"

"கலங்கல்ல அடுக்கின மணல் மூட்டைய எடுத்துட்டீங்களா? மிச்சத் தண்ணி அது வழியாத்தானே வெளிய போகணும்."

"எடுத்தா தண்ணி இறங்கி போட்டெல்லாம் தரைதட்டும்மா. லீவுக்கு ஜனம் வர்ற நேரம். ஒண்ணும் ஆவாது, வூட்டுக்குப் போ."

அவருக்கென்ன, அவர் வீடு மேட்டில். ஞானசௌந்தரியின் வீடு கிளப் கொடுத்தது, கரையை ஒட்டிய ஒற்றை அறை.

பொழுது சாயும்போது கரண்ட் போனது. ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் மழைக்குள் அமுங்கிப்போக, ஓட்டு இடுக்கில் சொட்டும் நீரும், சிம்னி வெளிச்சத்தில் வாய்ப்பாடு சொல்லும் தபீதாளின் குரலும், இரண்டுக்கும் அடியில் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல வேறொரு சத்தமும் கேட்டன. அது சுவருக்குப் பின்னால், கரைப் பக்கத்திலிருந்து வந்தது. கதவைத் திறந்தாள். ஈரமண் வாடையோடு, சாலமோன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாடையும் முகத்தில் அடித்தது.

வீட்டுக்குப் பின்னால் கரையில் புதிதாக ஒரு பொத்தல். அதிலிருந்து டீத்தண்ணி நிறத்தில் நீர் குதித்துக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று சாலமோன் சொல்வான். கரை உடைந்தால் முதலில் போவது இந்த அறை. பிறகு கீழே உள்ள அத்தனை வீடுகளும்.

"தபீதா! டார்ச்ச எடுத்துட்டு சார் வீட்டுக்கு ஓடு. கரை உடையுதுன்னு சொல்லு. நீ அங்கயே இரு, திரும்பி வராத."

குழந்தை ஓடினாள். ஞானசௌந்தரி கோணிக்குள் களிமண்ணை அள்ளித் திணித்துப் பொத்தலில் அடைத்தாள். நீர் அதைத் துப்பியது. மறுபடி அடைத்தாள். மறுபடி துப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கோணியோடு சேர்த்துக் கையையும் முழங்கை வரை உள்ளே நுழைத்தாள்.

உள்ளே ஒரு கை இருந்தது.

அது அவள் கையைப் பிடித்துக்கொண்டது. படகுச் சங்கிலியில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரல் அவள் விரல்களுக்கு நடுவே வந்து படிந்தது. கசிவு நின்றது.

"என்னங்க," என்றாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. மழையில் நின்று வாய்விட்டு அழுதாள்.

பிறகு கையை இழுத்தாள். வரவில்லை. அது அவளை உள்ளே இழுக்கவும் இல்லை. ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பதுபோல வெறுமனே பிடித்திருந்தது. முழங்கை மரத்தது. தோள் மரத்தது. கழுத்து. தாடை.

இரண்டு முழம் தள்ளி மண் விக்கியது. இன்னொரு பொத்தல். சின்னது.

டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது.

"அம்மா, சார் வீட்ல யாரும் கதவத் திறக்கல. பயமா இருந்துச்சு, வந்துட்டேன்."

போ என்று சொல்ல வேண்டும். நாக்கு அசையவில்லை.

தபீதாள் அம்மாவின் கை போயிருந்த இடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நீர் பீய்ச்சுவதைப் பார்த்தாள்.

"இங்கயும் வருதும்மா. நான் அடைக்கறேன்."

டார்ச்சைத் தரையில் வைத்தாள். சட்டைக் கையை மடித்தாள். மண்டியிட்டாள்.

ஞானசௌந்தரி தலையை ஆட்டினாள். ஆட்டியதாக நினைத்தாள். தலை ஆடவில்லை.

சின்னக் கை உள்ளே போனது. தண்ணீர் நின்றது. தபீதாள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா கைம்மா," என்றாள்.