தேன் கருகாத சாம்பல்

"காமென் அண்ணே, என் வித்ராவைக் கொல்லப்போறாங்க!" என்று ராலித்சா கதவைக்கூடத் தட்டாமல் காமென் வீட்டுக்குள் பாய்ந்தாள்.

வித்ரா, அவள் ஆறு வருஷமாய் உயிரைக் கொடுத்து ஆடிவந்த, ஆவிகளை அழைக்கும் ஷாமன் பாத்திரம். பல்கேரியாவின் பிளவ்திவ் நகரத்து ரொட்டிக்கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடும் , மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாய்ப் பேசி ஆடும் மாயாஜாலக் கதையாட்டக் குழுவில், ஒரு பாத்திரம் செத்தால் அதன் குணமும் பலமும் எழுதிய தாளை அடுப்பில் போட்டுவிடுவார்கள். மறுபிறவிப் பேச்சே கிடையாது.

போன வாரம் ஆட்டத்தில் ஊர்த்தலைவனின் களஞ்சியம் தானாகப் பற்றி எரிந்து, தலைவனும் செத்தான். எல்லோரும் தண்ணீர் தூக்கி ஓட, யாவோரின் வாள்வீரன் மட்டும் பீன்ஸ் சூப் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பழி வித்ராமேல் விழுந்தது. தொடாமல் நெருப்பு வைக்க வேறு யாரால் முடியும்? இன்று தீர்ப்பு.

"நீ வைக்கலையே?" என்று கேட்டார் குழுவின் மூத்த ஆட்டக்காரரான காமென்.

"சத்தியமா இல்லண்ணே."

"அப்புறம் என்ன, ஒரு கை பார்த்துடுவோம்!" என்று எழுந்தான் பல் வைத்தியன் மில்கோ. காமென் போகுமிடமெல்லாம் அவனும் போவான்.

மாடியில் தேன் ஊற்றிய மெகித்சா என்னும் பொரித்த ரொட்டிகளில் ஆவி பறந்தது. "அடுப்பு சூடாத்தான் இருக்கு, தாளைக் கொடு தாயே" என்று சீண்டினான் யாவோர். ராலித்சாவுக்கு அவனை அறையலாம்போல் இருந்தது.

காமென் நிதானமாக உட்கார்ந்தார். "ஸ்னேஜா, களஞ்சியத்துச் சாம்பலைக் கிளறுறேன். என்ன இருக்கு?"

ஆட்டத்தை நடத்தும் ஸ்னேஜா, "வைக்கோல் சாம்பல். உருகின பூட்டு. வேறொண்ணும் இல்ல" என்றாள்.

"கருகின தேன்?"

"இல்ல."

"கேட்டுக்கங்க. ஷாமனுக்குச் சொந்த நெருப்பு ஏது? ஆவியைக் கூப்பிடணும், அதுதான் வந்து எரிக்கும். எரியற இடத்துலேயே தேனும் ரொட்டியும் படைக்கணும். படைக்காட்டி ஒரு பொறிகூட வராது."

"அப்ப யாருண்ணே?" என்று மில்கோ துடித்தான்.

"தன் உடம்புலேருந்தே எரிச்சவன். சொந்த மந்திரத்துக்கு ஆவியும் வேண்டாம், படையலும் வேண்டாம். ஆனா உடம்புல இருக்கிற பலமெல்லாம் போயிடும், அகோரப் பசி எடுக்கும். போன வாரம் யாரு பானையை வழிச்சு நக்கினது?"

எல்லோர் தலையும் யாவோர் பக்கம் திரும்பியது. ஸ்னேஜா சிரித்துவிட்டாள். "மந்திரம் கத்துக்கிட்டதை என்கிட்ட மட்டும்தான் சொன்னான்."

"அட மடையா! பசின்னு வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றான் மில்கோ.

யாவோர் நெஞ்சை நிமிர்த்தித் தன் வாள்வீரனாகவே பேசினான். "என் அண்ணனைச் சிறையில சாகடிச்ச அந்தத் தலைவனை எரிச்சேன். எரிச்சேன், பசிச்சுது. விலை கொடுக்காம ஜெயிக்க நான் என்ன திருட்டுப்பயலா?"

அவனே எழுந்து போய்த் தன் வாள்வீரனின் தாளை அடுப்பில் போட்டான். யாரும் தடுக்கவில்லை.

ராலித்சாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களோடு ஆடுகிறோம் என்ற பெருமையில் அவளுக்குக் கண் கலங்கியது. மெகித்சா ஒன்றைப் பிய்த்துத் தேனில் நன்றாகத் தோய்த்து, அடுப்பில் எரியும் அந்தத் தாளின்மேல் போட்டாள்.

"இது வித்ராவோட படையல்" என்றாள். தேன் கருகும் வாசனை மாடி முழுக்கப் பரவியது.