கப்பல் கேட்ட ஆளுநர்

ரொறன்ரோவில் ஒரு பழைய ஆவணக் காப்பகத்தின் நிலவறை. அங்கே கடிதங்களை ஸ்கான் பண்ணுவது என் வேலை. அன்று காலை பனிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினால், மேசையில் அந்தக் காலத்தில் ஒரு தீவை ஆண்ட ஸ்பானிய ஆளுநரின் கடிதக் கட்டு கிடந்தது.

"ஒன்பது வருசமா ராசாவுக்கு எழுதியிருக்கிறார், மங்கை அக்கா," என்றாள் ஸ்பானிய மொழி படித்த றோசலின். "தீவின்ர ஒரு பக்கம் இங்கிலீஸ்காரன்ர கப்பல், மற்றப் பக்கம் ஒல்லாந்தன்ர. எல்லாத்திலையும் உந்தச் சொல்தான், நாவியோஸ், கப்பலுகள் எண்டு அர்த்தம். கப்பல் அனுப்புங்கோ எண்டு கெஞ்சுறார்."

"பதில்?"

"பதிலோ! கடிதம் கிடைச்சால் அரண்மனையில அதின்ர மேல 'ரெசிபிடா' எண்டு எழுதுவினம், கிடைச்சது எண்டு. இதில ஒண்டிலயும் அது இல்லை. கடைசியில கோட்டை விழ, ஆளும் அதோட செத்துப்போனார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி செந்தூரன் 2009இல் போர் முடிய இராணுவத்திடம் சரணடைந்தவன். அவன் எங்கே என்று கேட்டுப் பதினாறு வருடமாகக் கொழும்புக்கு எழுதுகிறேன். நாசமாய்ப் போவார், கிடைத்தது என்று ஒரு சொல் எழுதியதில்லை. அடுத்த கடிதம் என் கைப்பையில் இருந்தது. போரின் கடைசி நாள்களில் கடற்கரையில் நாங்களும் எங்களைக் காப்பாற்ற வரும் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆத்திரத்தில் கடிதக் கட்டை இழுத்தேன். ஒரு தாள் விழுந்து காலில் பட்டது. பழக்கதோஷம், எடுத்துக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்தேன்.

றோசலின் சிரித்தாள். "ஐயோ அக்கா! அந்தக் காலத்தில ராசாவின்ர கடிதத்தை உப்பிடித்தான் தலையில வைச்சு ஏற்கிறவை. இனிப் பதில் உங்கட பொறுப்பு."

அவள் தேத்தண்ணி எடுக்க மேலே போனாள்.

கடல் உப்பு மணந்தது. அதோடு வெடிமருந்து. அந்த மணத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னால் ஒரு ஈரச் சப்பாத்து நிலத்தில் அழுந்தியது.

இன்னொன்று.

நான் திரும்பவில்லை.

"நாவியோஸ்?"

காதருகே குளிர்ந்த மூச்சு. தோளில் ஒரு கை, நனைந்த மண்மூட்டை மாதிரிப் பாரம்.

"நாவியோஸ்?" இம்முறை உறுமல்.

பயத்தை ஆத்திரம் முந்திவிட்டது.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? கப்பல் என்ன என்ர மடியிலயோ கிடக்கு? நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்! உனக்கும் வரேல்லை, எனக்கும் வரேல்லை! என்ர தம்பி எங்கை எண்டு எழுதினதுக்கு ஆர் பதில் போட்டவன்?"

கை விலகியது.

கத்தல் கேட்டு றோசலின் ஓடி வந்தாள். அறையில் வேறு யாருமில்லை. ஈர அடிகள் என் நாற்காலி வரை வந்திருந்தன. திரும்பிப் போன அடி ஒன்றுகூட இல்லை.

என் கைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது; திறந்தேன். உள்ளே என் கடிதம் நனைந்திருந்தது. மேல் ஓரத்தில் பழுப்பு மையில் ஒரு சொல், இன்னும் காயவில்லை.

றோசலின் மெதுவாக வாசித்தாள்.

"ரெசிபிடா."

என் தம்பிக்காக எழுதியதைக் கையில் வாங்கியவன் ஒரே ஒருவன். அவனும் செத்தவன். எனக்கு வந்த கோபத்தில் அழுதேன்.

அன்றிலிருந்து ஹீற்றர் எவ்வளவு போட்டாலும் என் காரின் பக்கத்துச் சீற் காய்வதில்லை; அதில் கடல் உப்பு மணக்கிறது.

போன கிழமை அடுத்த கடிதத்தை எழுதினேன். தபாலில் போடவில்லை. அந்தச் சீற்றில் வைத்து, காரைப் பூட்டிவிட்டு வேலைக்குள் போனேன்.

பின்னேரம் வந்து பார்த்தேன். கடிதம் இல்லை.