கோணல் சக்கரம்

"வேன் சாவிய எங்க வச்ச?"

கந்தசாமி போட்ட சத்தம் தேயிலைத் தோட்ட லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த மணியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. சாவி அவள் இடுப்பில், முந்தானை முடிச்சுக்குள் இருந்தது.

"ஒன்னத்தாண்டி கேக்குறேன்! ஈப்போவுல நம்ம மக பெட்டியக் கட்டி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா. வயித்துப்புள்ளக்காரியக் காக்க வைக்கச் சொல்றியா?"

"சலீம் பாய் ஓட்டுறேன்னு சொல்லியிருக்காருங்க. நானும் கூடப் போறேன். நீங்க வீட்டுல இருங்க."

"சுபத்ராவத் தலப்பிரசவத்துக்கு இன்னொருத்தன் ஏத்திக்கிட்டு வரணுமா? திரிங்காப்புலேருந்து காலமெல்லாம் காய்கறி லோரி ஓட்டுனவன்டி நான்! சிம்பாங் பூலாய் மலை வளைவெல்லாம் தூக்கத்துலயும் தெரியும் எனக்கு!"

வளைவு தெரியும். கைதான் கேட்காது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் பிய்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"தோசையிலயும் கம் வாட, சோத்துலயும் கம் வாட! கையக் கழுவித் தொலைய மாட்டியா? நான் ஒட்டுற கம் டப்பாவ எதுக்குத் தொடுற?"

"மேசையத் தொடச்சேங்க..."

"தொடச்சாங்களாம்!" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. நாத்தனார் புவனேஸ். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். "அண்ணன் எழுந்து நடமாடுறது சில பேருக்குப் புடிக்கலலா. படுத்தே கெடந்தாத்தான் சாவி அவங்க இடுப்புல இருக்கும்!"

மணியம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். இது புதிதல்ல. போன மழைக்காலத்தில் லோரிக்குப் பக்கத்தில் கந்தசாமி சுருண்டு விழுந்தபோதே புவனேஸ் லயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்: "அன்னிக்குக் காலையில அண்ணி போட்ட சண்டையிலதான் அண்ணனுக்கு ரத்தம் மண்டைக்கு ஏறிடுச்சு!" கந்தசாமியும் அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கொழுந்து பறிக்கப் போன இடத்திலெல்லாம் பெண்கள் மணியம்மாவைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள்.

உயிர் பிழைத்தார். வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி களிமண் உருண்டையும் மரக்குச்சிகளும் கொடுத்தார்கள். "நான் என்ன பாலர் பள்ளிப் புள்ளையா?" என்று அத்தனையையும் வீசியெறிந்தார். அப்பா சண்டைப் படப் பைத்தியம் என்று தெரிந்த சுபத்ராதான் ஒரு பொம்மைப் பெட்டியை வாங்கி அனுப்பினாள். ஜப்பான்காரன் காலத்துச் சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளம் இழுத்துப்போன பீரங்கி, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, துண்டு துண்டாக உள்ளே இருந்தது. ஒவ்வொரு துண்டாக நறுக்கி, தேய்த்து, படத்தைப் பார்த்து ஒட்டவேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அவர் பீரங்கியின் கவசத் தகட்டை ஒட்டினார். தகடு சாய்ந்து நின்றது. கம் எச்சிலாய் வழிந்தது. கந்தசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியதை மணியம்மா பார்த்தாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புமுன், அவர் எழுவதற்கு முன்னால், பிளேடால் தகட்டைப் பெயர்த்தாள். வழிந்ததைச் சுரண்டினாள். மணல்தாளில் தேய்த்து, நேராக நிறுத்தி ஒட்டினாள். எழுந்து வந்து பார்த்தவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா மணி! நேத்து வெளிச்சம் பத்தல. நேராத்தான் ஒட்டியிருக்கேன்!"

அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தாள். அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் செய்தாள். அவர் கோணலாய் விட்டதை அவள் நேராக்கினாள், அவர் நிமிர்ந்தார். கை குணமாகிவிட்டது என்று நம்பினார். நம்பியவர் இப்போது கர்ப்பிணி மகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறச் சாவி கேட்கிறார்!

வாசலில் சலீம் வந்து நின்றார். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், கந்தசாமியின் நெடுநாள் கூட்டாளி. செருப்பைக் கழற்றுவதற்குள் கந்தசாமி பீரங்கியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீயே சொல்லு பாய்! கை நடுங்குறவன் செஞ்ச வேலையா இது?"

சலீம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். "அடேயப்பா! நட்டு போல்ட்டெல்லாம் தெரியுதே! எனக்கு ரெண்டு கையும் நல்லாருக்கு, இத என்னால முடியாதுலா." பிறகு மணியம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, அவரே ஓட்டட்டுமே. நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன். பாவம், ஆசப்படுறாரு..."

மணியம்மாவின் கண்முன் அந்த மலைப்பாதை வந்தது. பனி இறங்கிய சாலை... எதிரே காய்கறி லோரி... பின்சீட்டில் சுபத்ரா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு...

"இல்ல பாய். வேணாம்."

"கேட்டியா!" கந்தசாமி மேசையை அறைந்தார். "நான் நல்லாகக் கூடாது! அதான் இவளுக்கு வேணும்! நான் ஒத்தையா ஒக்காந்து ஒட்டி ஒட்டி என் கைய மீட்டேன். இவ ஒரு நாளு, ஒரே நாளு, பக்கத்துல வந்து நின்னுருப்பாளா? என்னய முடவனாவே வச்சு ஆளணும்னு நெனைக்கிறா, பாய்! புருஷன விழத் தட்டுனவதானே இவ!"

விழத் தட்டினவள்.

அவளுடைய விடியல்களையெல்லாம் அள்ளியெடுத்து அவள் தலையிலேயே போட்டார். மணியம்மாவின் கண்ணில் தண்ணீர் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ கொதித்து, அடங்கி, கெட்டியானது. இத்தனை நாள் அவர் மானத்தைக் காப்பாற்றியவள், அதை அந்த நிமிடத்தில் கீழே இறக்கி வைத்தாள்.

முடிச்சை அவிழ்த்தாள். சாவியை மேசையில் வைத்தாள்.

"குடுக்கிறேங்க. பீரங்கியில ஒரு சாமான் பாக்கி இருக்குல்ல? குறி பாக்குற அந்தச் சின்ன சாமான்? அத இப்ப, எங்க கண்ணு முன்னால ஒட்டுங்க. ஒட்டிட்டா சாவிய எடுத்துக்குங்க. நான் ஒங்க கால்ல விழுந்து, புருஷன விழத் தட்டுனவ நான்தான்னு லயத்துக்கே சொல்றேன்."

"அவ்ளோதானே!" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அரிசி மணியை விடச் சின்னத் துண்டு. இடுக்கியால் எடுத்தார். நழுவியது. புவனேஸ் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். மறுபடி எடுத்தார். கை ஆடியது. கம் சொட்டிக் கவசத்தில் வழிந்தது. வெளிச்சம் இல்லை என்றார். சலீம் ஜன்னலைத் திறந்துவிட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குத்தினார். நெற்றியில் வேர்வை. கேமரன் மலைக் குளிரில் வேர்வை!

போதும் என்று மணியம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கைகட்டி நின்று பார்த்தாள். பார்க்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும்.

முழங்கை இடித்தது. பீரங்கி சாய்ந்து, ஒரு சக்கரம் தெறித்துத் தரையில் உருண்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஒட்டுனாரு!" புவனேஸ்தான் முதலில் கத்தினாள். "அண்ணி, நீ ஏதோ பண்ணிட்ட! கம்முல ஏதோ கலந்துட்ட!"

"வாய மூடு, புவனேஸ்!"

சொன்னது கந்தசாமி. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்நுனிகளில் வெள்ளை வெள்ளையாய், செதில் செதிலாய்க் காய்ந்த கம். அந்தக் கையை இழுத்து மூக்கில் வைத்து மோந்தார்.

"தோசையில வாட..." என்றார். "எப்பலேருந்து மணி?"

"மொத நாள்லேருந்து."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா மறுபடி சுவத்தப் பாத்துப் படுத்திருப்பீங்க."

பெரிய உடம்பு. சின்னப் பிள்ளையாய்க் குலுங்கியது. "அதுக்காக... பாய் முன்னாடி, எல்லாரு முன்னாடியும் என்னய இப்படி அவமானப்படுத்தணுமா?"

"ஆமாங்க. என்னயும் எல்லாரு முன்னாடியுந்தானே பேசுனீங்க? ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயா பேசுனீங்க?"

மணியம்மா முந்தானையை எடுத்து, புருஷன் விரலில் ஒட்டியிருந்த கம்மை மெல்லத் துடைத்துவிட்டாள். துடைத்தபடியே தலையைத் திருப்பாமல் கேட்டாள்:

"புவனேஸு, நான் சண்ட போட்டுத்தான் ஒங்கண்ணன் விழுந்தாருன்னு எந்தெந்த வீட்டுல சொன்ன?"

"அண்ணி... தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணி... என்ன மன்னிச்சிரு..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல நட. எந்தெந்த வாசல்ல அதச் சொன்னியோ அந்தந்த வாசல்ல நின்னு, தெரியாமச் சொன்னேன்னு இதயும் சொல்லிட்டு வா. ஒரு வீட்டையும் விட்றாத. திரும்பி வந்து நான் கேப்பேன்."

புவனேஸ் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தலை நிமிரவில்லை. அழுதுகொண்டே படியிறங்கினாள். மணியம்மா சாவியை சலீமிடம் கொடுத்து, வேனில் முன்சீட்டில் ஏறினாள். கந்தசாமி வாசலில் நின்று பார்த்தார். கூட வரட்டுமா என்று கேட்கக்கூட இல்லை.

சாயங்காலப் பனியோடு சுபத்ரா வந்து இறங்கினாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு மேசையிலிருந்த பீரங்கியைத் தூக்கினாள்.

"எவ்ளோ அழகா செஞ்சிருக்கீங்கப்பா! ஆனா இந்த ஒரு சக்கரம் மட்டும் ஏன் கோணலா நிக்குது?"

உள்ளே டீ கலக்கிக்கொண்டிருந்த மணியம்மாவின் கை நின்றது. வந்ததும் அவளும் அதைப் பார்த்திருந்தாள். விரல் துறுதுறுத்தது. தொடவில்லை.

கந்தசாமி மகள் கையிலிருந்து பீரங்கியை வாங்கிக்கொண்டார்.

"அந்தச் சக்கரம் மட்டுந்தாம்மா நான் ஒட்டுனது," என்றார் கந்தசாமி. "மத்ததெல்லாம் ஒங்கம்மா."

மணியம்மாவுக்குக் காலையில் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் குரலை இறக்கவில்லை.

"என்னங்க, காதுல விழல! இன்னொரு வாட்டி சொல்லுங்க. லயத்துக்கே கேக்கணும்."

கந்தசாமி எழுந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சொன்னார்.