ஆயிரமாவது படிவம்

அன்று மாலை நான்கு மணிக்கு மானுட குலம் ஒரு மாபெரும் உண்மையைக் கேட்டுத் திகைக்கவிருந்தது. பத்து வயதுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில் பிள்ளைகள் ஏன் சாகிறார்கள் என்பதை ஆய்வு நிலைய இயக்குநர் மாடி அரங்கில், புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, அறிவிக்கப்போகிறார். ஆயிரம் மரணம் வேண்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் தேறியது. பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது.

கீழ்த்தளத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றுபவள், மூன்றரை மணிக்குக் கட்டின் அடியில் இன்னொன்று இருப்பதைக் கண்டாள்.

படிவங்களுக்கு அந்தந்த வீட்டு வாசனை உண்டு. மருந்து, ஈரச்சுவர், மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாய் முகர்ந்து பழகிய மூக்கு அவளுடையது. இதில் தீய்ந்த பால் வாசனை. காலையில் அவள் அடுப்பில் பொங்கித் தீய்ந்த பால்.

பையன், பதினேழு வயது. மூன்று நாள் தலைவலி. தகவல் சொன்னவர்: தாய், வயது நாற்பத்துமூன்று. இறந்தது இன்றைய தேதி, மாலை நாலரை மணி. வீட்டுக்குப் போய் விசாரித்த தேதி, அடுத்த மாதம்.

வீடு வீடாகப் போய் எழுதி வருகிற கள அக்கா, அரங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது நீங்க எழுதினதா?"

"என் கையெழுத்துதான். எந்த வீடுன்னு ஞாபகமில்லடி. எல்லா அம்மாவும் ஒரே மாதிரிதானே அழறாங்க."

"தேதியப் பாருங்க!"

"தப்பா போட்டிருப்பேன். சீக்கிரம் ஏத்து, மேல ஆயிரத்துக்காக அந்த ஆளு தவிக்கிறாரு."

அக்கா படியேறிப் போனாள். அறையில் மின்விசிறியும் அவளும்.

'கடைசியாகப் பேசியது?' என்ற கேள்விக்கு, 'போன் செய்தான். தூங்கப்போகிறேன் என்றான்' என்று பதில் இருந்தது. வீட்டில் தலைவலியோடு படுத்திருக்கும் தன் பதினேழு வயது மகனை அழைக்கக் கையிலெடுத்த போனைக் கீழே வைத்தாள். அழைக்காவிட்டால் நடக்காது என்று ஒரு நப்பாசை.

போன் அடித்தது.

"அம்மா, தலைவலி இன்னும் விடலம்மா. தூங்கறேன்."

"டேய் ஒட்டடக்குச்சி, படுக்காதடா! எழுந்து கதவைத் திற!"

"எழுந்திருக்க முடியல, படுக்கையிலேர்ந்து தாப்பா எட்டலம்மா... வை."

வைக்கவில்லை அவன். போன் தலையணையில் கிடந்தது போல. மூச்சு கேட்டது.

வீடு ஒன்றரை மணி நேரப் பயணம். மேசைப் போனில் பக்கத்து வீட்டை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. படிவத்தில்: 'பக்கத்து வீட்டில் ஆளில்லை.' ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். 'வாகனம் வந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.'

அடுத்த வரியைக் கையால் மூடினாள்.

மேலே இயக்குநரின் குரல் கூரை வழியே முழங்கியது. இளைஞர்களே எதிர்காலம் என்றார். கைதட்டல்.

இந்த அலுவலகத்தில் மரணம் இரண்டு முறை பதிவாக வேண்டும். கள அக்கா ஒருமுறை, அவள் ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் தாளில் இருப்பதே சரி. அவளே புதியவர்களுக்குச் சொல்லித்தந்த விதி.

தட்டினாள். உயிரோடிருக்கிறான்.

பொருந்தவில்லை என்றது திரை.

மறுபடி. உயிரோடிருக்கிறான். உயிரோடிருக்கிறான்.

தாளைக் கிழித்தாள். நாலாக, எட்டாக. தாள் மேசையில் முழுசாகக் கிடந்தது; அந்த வரியை மறுபடி கையால் மூடினாள். பால் வாசனை கூடியது.

போனில் மூச்சு. ஒரு நீண்ட இடைவெளி. மூச்சு.

கதவைத் தட்டுகிறார்கள். "தம்பி! தம்பி!"

இடைவெளி.

தட்டுகிறார்கள்.

இடைவெளி.

கையை எடுத்தாள். கடைசி வரியில் அக்காவின் கையெழுத்து, மை காயாமல்: 'தாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்றும் எடுக்கவில்லை.'

அவள் எதுவும் தட்டாமலே திரையில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு பதிவும் ஒத்துப்போயின.

ஆயிரம் சரியாக இருந்தது.