சக்கரத்தில் கட்டிய குருவி

வள்ளியூரிலிருந்து பேட்டையில் அண்ணன் வீட்டில் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. அண்ணன் அம்மார் நாங்குநேரி பக்கம் லாரியில் அடிபட்டு இறந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. மதினி அர்வா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் அவள் வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. "அவரு இருக்க எடத்துக்கு நானும் போயிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததால், அவளைக் காவல் காக்க உம்மா என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகையெல்லாம் தீர்ந்து மனசு மரத்துப் போயிருந்தது.

மதினி ஓர் ஆங்கில அகராதிக்கு வீட்டிலிருந்தே தமிழில் பொருள் எழுதுகிறவள். அன்றைக்கு வந்த சொல் 'ஜின்க்ஸ்'.

"ஒருத்தரைப் புடிச்சிக்கிடுத தீவினையாம், ஹம்னா. கழுத்தைப் பின்னால திருப்புத ஒரு குருவி பேருல இருந்து வந்ததுங்காங்க. கிரேக்க நாட்டுல அந்தக் குருவியைச் சக்கரத்துல கெட்டிச் சுத்துவாங்களாம். விட்டுட்டுப் போன ஆளு திரும்பி வருமாம்."

ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதில் வீட்டு ஆட்களின் பெயரைப் போடுவது அவள் பழக்கம். 'ஜின்க்ஸ் பலித்தது, அம்மார் திரும்பி வந்தான்' என்று கணினியில் தட்டினாள். நான் தடுத்திருக்க வேண்டும். என்ன எழுதினால் என்ன என்று இருந்துவிட்டேன்.

மதியம், தெருவில் பட்டறைகளின் இரைச்சல் சட்டென்று நின்றது. டீசலும் ரத்தமும் கலந்த வாடை வந்தது.

கதவு தட்டப்பட்டது.

"ஹம்னா, கதவைத் தெற."

அடைத்துப்போன ஆண் குரல். சின்ன அண்ணன் யஹ்யா காய்கறி கொண்டுவந்திருப்பான் என்று நினைத்தேன். இத்தாவில் கொழுந்தனும் வெளி ஆள்தான்.

"அங்கனயே வச்சிட்டுப் போ, அண்ணே. மதினி இத்தாவுல இருக்கால்லா?"

"எனக்கென்ன விலக்கு? நான் அவ மாப்பிள்ளைலா."

ஜன்னல் இடுக்கில் பார்த்தேன்.

முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

முகமும்.

நான் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயப்படக்கூடத் தோன்றவில்லை. மதினி எழுந்து வந்து, "பைய, ஹம்னா" என்று என் விரல்களைப் பிரித்தாள். கதவைத் திறந்தாள்.

வாசலில் யாருமில்லை.

சிறிது நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு, அவளே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பட்டறைகள் மறுபடி இரைந்தன.

"நீ ஊருக்குக் கெளம்பு. இத்தா முடிஞ்சுட்டு."

"இன்னும் மூணு மாசம் கெடக்கே, மதினி."

"மாப்பிள்ளை வீட்டுல இருக்கும்போது எனக்கு என்னத்துக்கு இத்தா?"

உள்ளறைக் கட்டிலில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது.